செடலுக்கு முடுக்கிய டிரம்ஸ்

முத்தியால்பேட்டையில் கன்னியப்பனைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால் அவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. காலையில் கம்பெனி பஸ் ஏறிச் சேதராப்பட்டுக்குப் போவார். அங்கே பிளாஸ்டிக்கை உருக்கி வாளி வார்ப்பார். சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்து இறங்குவார். சிவப்பு வாளி, நீல வாளி, முதலாளிக்கு மனசு குளிர்ந்தால் பச்சை வாளி. பதினெட்டு வருஷமாக இதுதான் உத்தியோகம். அந்தத் தெருவில் எந்த வீட்டுக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாலும் அவர் கை பட்ட வாளி ஒன்று இருக்கும். எட்டிப் பார்க்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

கடவுள் அவருக்கு நல்ல மனசைக் கொடுத்திருந்தார். கூடவே வாயையும் கொடுத்துவிட்டார். அங்கேதான் வினை.

சுனாமிக்கு முந்தின மாதம் அவர் மனைவி வசந்தாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். கன்னியப்பன் தெருமுனை மாரியம்மன் கோயிலில் போய் நின்று அழுதார். மற்ற மனிதர்கள் மொட்டை போடுகிறேன் என்பார்கள். கூழ் ஊற்றுகிறேன் என்பார்கள். தைரியசாலிகள் முதுகில் செடல் கொக்கி குத்திக்கொண்டு வண்டி இழுக்கிறேன் என்பார்கள். எல்லாம் முடிகிற காரியம். நம் ஆளுக்கு முடிகிற காரியம் எப்படி வாயில் வரும்?

"தாயே, வசந்தா பொழைச்சி எழுந்துட்டா, ஆடிச் செடல் திருவிழா அன்னிக்கு உன் முன்னால என் கையாலயே மேளம் அடிச்சிக்கினு வரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. அந்தக் கை அதுவரை அடித்தது கொசுவை மட்டும்தான்.

அம்மன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, செய்துவிட்டாள். வசந்தா எழுந்து நடந்தாள். கன்னியப்பன் வாயைத் திறந்து சொல்லியிருந்தார்; செய்யவில்லை. சாமிக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

முதல் ஆடிக்குக் கோயில் பம்பைக்காரர் வெற்றிவேலிடம் போய் முறையாகக் கற்றுக்கொள்ளப் பார்த்தார். வெற்றிவேல் பொறுமைசாலி. நாலு நாள் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒங்க வலது கையும் எடது கையும் பேசிக்கறதே இல்லியே, எதனா பழைய சண்டையா?" என்று கேட்டார். கன்னியப்பன் பம்பையைத் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாவது ஆடியில் செடல் அன்றைக்குப் பார்த்து ஓவர்டைம் வந்து மாட்டிக்கொண்டது. அதைக் கேட்டு வாங்க மேனேஜர் அறைக்கு எத்தனை முறை நடந்தார் என்பது அம்மனுக்கும் மேனேஜருக்கும் மட்டும் தெரியும்.

மூன்றாவது ஆடி நெருங்கும்போது வசந்தாவுக்கு மறுபடியும் வயிற்றில் வலி லேசாக ஆரம்பித்தது. சோறு பாதிதான் இறங்கியது. திரும்ப வந்து காட்டச் சொல்லி டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார்.

"வசந்தா, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாமா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?" என்றாள் வசந்தா. "அவ குடுத்த உசுருய்யா இது. அதுக்கு ஒரு மேளம் அடிக்க ஒனக்கு ரெண்டு வருஷமா கை வரல. மொதல்ல அவளுக்குச் சொன்னத செய். அப்புறம் டாக்டர பாக்கலாம்."

"வலி ஆத்தாளுக்காகக் காத்துக்கினு இருக்குமா?"

"இருக்கும். நான்தான் ரெண்டு வருஷமா காத்துக்கினு இருக்கேனே."

வசந்தா ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். செடல் முடியாமல் அவள் ஆஸ்பத்திரிப் படி மிதிக்க மாட்டாள். கன்னியப்பனுக்கு அன்று முதல் இரவில் தூக்கம் போயிற்று, பகலில் பசி போயிற்று. வாய் மட்டும் எங்கும் போகவில்லை.

அந்த வாரம் சொல்தா அந்துவான் கம்பெனி விலைக்குக் கேட்டிருந்த வாளியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனார். அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். பட்டாளத்துக்காரரை எங்கள் ஊரில் சொல்தா என்போம், மரியாதையாகக் கூப்பிடும்போது முசே என்போம். அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு டிரம்ஸ் செட் கிடந்தது. வயிறு பெருத்த பெரிய டிரம் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, சின்னதாக ஒன்று, அடியில் கம்பிச் சுருள் கட்டிய தட்டையான டிரம் ஒன்று, கம்பங்களில் தொங்கும் பித்தளைத் தட்டுகள் இரண்டு.

"முசே, இது குடுக்கறதா?"

"குடுக்கறதா! நீ எடுத்துக்கினு போறதா இருந்தா வண்டி நானே புடிச்சித் தரேன். மகன் பிரான்சுக்குப் போனதுலேர்ந்து இதுல பூனைதான் குட்டி போடுது."

"இத அடிக்கக் கத்துக்கணுமா முசே?"

"என் மகன் கத்துக்கவே இல்ல. ஆனாலும் அடிச்சான்."

கன்னியப்பனுக்கு அம்மனே நேரில் வந்து பேசியது மாதிரி இருந்தது. வெள்ளையாகப் பளபளத்த தோலைத் தடவிப் பார்த்தார். திடீரென்று ஒரு பயம் வந்தது. "முசே, இது மாட்டுத்தோலா? அம்மன் காரியம், அதான் கேக்கறேன்."

அந்துவான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "வெள்ளையா இருக்கே. அந்த ஊரு ஆடா இருக்கும்."

"சுருதி ஏத்தறது?"

"சுத்தி இருக்குது பாரு போல்ட்டு, அத முடுக்குனா ஏறும், தளத்துனா எறங்கும். வுவாலா! அவ்ளோதான்."

"முடுக்கற சாவி?"

"அது மகனோட சாவிக்கொத்துல பாரிசுக்குப் போயிடுச்சி."

இவ்வளவு தெளிவான பாடம் கேட்ட பிறகு ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? டிரம்ஸ் அன்று சாயங்காலமே கன்னியப்பன் வீட்டுக்கு வந்தது. வீட்டில் இருந்தது ஒரு கூடம். டிவி பெட்டி சமையல் மேடைக்குப் போயிற்று. கட்டில் சுவரோடு நிமிர்ந்து நின்றது. வசந்தா எல்லா டிரம்முக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பித்தளைத் தட்டைப் பார்த்து, "இதுல ஆரத்தி எடுக்கலாமே" என்றாள்.

பெரிய டிரம்முக்கு அடியில் மிதிக்கட்டை ஒன்று இருந்தது. காலால் மிதித்தால் ஒரு குண்டாந்தடி வந்து "டம்" என்று இடித்தது. கன்னியப்பன் சின்னக் குழந்தை மாதிரி பத்துத் தடவை மிதித்தார்.

"என்னாய்யா பண்ற?" என்றாள் வசந்தா.

"அடிக்கறேன்."

"கையால அடிக்கறேன்னு வேண்டிக்கினு, அம்மன் முன்னால காலால ஒதைக்கறியா?"

கன்னியப்பனின் கால் அப்படியே நின்றது. நியாயம்தானே! பெரிய டிரம் அன்றைக்கே மூலைக்குப் போயிற்று. வசந்தா அதன்மேல் துவைத்த துணிகளை மடித்து வைத்தாள்.

சாவி இல்லாத குறையைத் தீர்க்க வசந்தாவின் தம்பி பக்கிரி வந்தான். மூலக்குளத்தில் டூவீலர் மெக்கானிக். அவன் கையில் ஒரு கட்டிங் பிளேயர் இருந்தால் உலகத்தில் அவன் முடுக்காத பொருள் கிடையாது. முடுக்கிய பிறகு அந்தப் பொருள் என்ன ஆயிற்று என்று அவன் திரும்பிப் பார்த்ததும் கிடையாது.

"இன்னா மாமா, வாளி செஞ்சிக்கினு இருந்தீங்க, இப்ப கவுத்துப் போட்டு அடிக்கவும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"வாய மூடிக்கினு சின்ன டிரம்ம புடிடா மச்சான்."

சின்ன டிரம்மைச் சுற்றி ஆறு போல்ட். பக்கிரி முதல் போல்ட்டைப் பிளேயரால் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் திரும்பாது என்கிற வரைக்கும் முடுக்கினான். அப்புறம் பக்கத்துப் போல்ட். அப்புறம் அதற்குப் பக்கத்தில். கல்யாணப் பந்தியில் இலை போடுகிற மாதிரி வரிசையாகப் போனான். வளையம் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் வாயைப் பிளந்தது. தோலின் இந்த ஓரம் பாறையாக இருந்தது, அந்த ஓரம் சுருக்கம் விழுந்து கிடந்தது. கன்னியப்பன் இந்த ஓரம் தட்டினார், டிபன்பாக்ஸ் மாதிரி "டிங்" என்றது. அந்த ஓரம் தட்டினார், ஈரப் பாயைத் தட்டின மாதிரி "தொப்" என்றது.

"ரெண்டு சத்தம் வருதேடா."

"ஒரு மேளத்துக்கு ரெண்டு சத்தம். லாபம்தானே மாமா?"

அதே நேரம் கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஆரம்பித்தது. பாட்டு உச்சத்துக்குப் போனபோது கூடத்தில் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். கம்பிச் சுருள் கட்டிய தட்டை டிரம் அது. யாரும் அதைத் தொடவில்லை. பாட்டு நின்றது, அதுவும் நின்றது. மறுபடி பாட்டு ஏறியது, மறுபடி "கர்ர்ர்".

வசந்தா வெளிறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா கோவமா இருக்கா. பாத்தியா, தானா உறுமுது. ரெண்டு வருஷம் ஏமாத்துனத கேக்கறா."

"அக்கா, சத்தத்துல கம்பி அதிருது. பஸ் போனா நம்ம வூட்டு ஜன்னல் ஆடலியா?"

"ஒனக்கு இன்னாடா தெரியும்? சாமி வர்றதும் அதிர்ச்சியிலதான்."

வசந்தா கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். ஒலிபெருக்கிக்காரன் சாப்பிடப் போயிருப்பான் போல, உறுமல் அடங்கியது. அம்மன் மனமிரங்கிவிட்டாள் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னியப்பனுக்கோ வேறு ஒன்று கண்ணில் பட்டது. கும்பிட்ட கையை இறக்கும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சேலையைச் சரிசெய்தாள்.

தட்டை டிரம்மைத் தொட இனி யாருக்குத் துணிச்சல் வரும்? மஞ்சள் துணி சுற்றி அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்கள். பித்தளைத் தட்டுகளுக்கு உண்டான கம்பங்கள் லேசாகத் தட்டினாலே சாய்ந்தன. ஒன்று பக்கிரியின் கால் கட்டைவிரலில் சாய்ந்த பிறகு அவையும் போயின. நடுத்தர டிரம்முக்கு மூன்று கால், அதில் ஒன்று பூனைக்குட்டிகளோடு அந்துவான் வீட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு கல்யாண மண்டபத்தையே நிரப்பக்கூடிய பிரெஞ்சு டிரம்ஸ் செட், முத்தியால்பேட்டைக்கு வந்த ரெண்டு நாளில், வாய் கோணின சின்ன டிரம் ஒன்றாகச் சுருங்கியது.

செடலுக்கு முந்தின நாள் பகலில் கன்னியப்பன் லீவு போட்டுவிட்டு அதோடு உட்கார்ந்தார். போல்ட்டை ஏற்றினார், இறக்கினார். "தொப்" போகவில்லை. அப்போதுதான் அவருக்கு அறிவு வேலை செய்தது. அது வேலை செய்கிற நாளில்தான் பயப்பட வேண்டும்.

தோல் தொய்ந்தால் என்ன செய்வார்கள்? ஊர்வலத்துக்கு முன்னால் மேளக்காரர்கள் தெருவோரம் வைக்கோலைக் கொளுத்தித் தப்பு மேளம் காய்ச்சுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாரே! அனல் பட்டால் தோல் இறுகும், "டங்" என்று கணீரென்று பேசும். பிரான்சு ஆடாக இருந்தாலும் ஆடு ஆடுதானே?

பால்காரரிடம் ஒரு பிடி வைக்கோல் வாங்கினார். வாசலில் கொளுத்தினார். டிரம்மைக் கவிழ்த்து, மேளக்காரர்கள் மாதிரியே அனலில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். முகத்தில் பெரிய வித்துவான் களை.

தோல் இறுகியது. உண்மையாகவே இறுகியது. கன்னியப்பன் "தாயே!" என்றார். இன்னும் கொஞ்சம் காட்டினார். அப்போது ஒரு வாடை வந்தது.

அந்த வாடை அவருக்குப் புதிதில்லை. பதினெட்டு வருஷமாகச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வாடை. வசந்தா தினமும் துவைத்தும் போகாத வாடை. மூக்கு அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டது, மூளைதான் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. டிரம்மைத் திருப்பினார். வெள்ளை ஆடு நடுவில் குழிந்து, பொத்துக்கொண்டு, ஓரத்தில் சொட்டியது.

ஊருக்கெல்லாம் பிளாஸ்டிக் உருக்கி வாளி வார்க்கிற மனிதர், வைக்கோலில் பிளாஸ்டிக்கை உருக்கிவிட்டார். கம்பெனிக்குத் தெரிந்தால் ஓவர்டைம் கொடுத்திருப்பார்கள்.

சைக்கிளில் அந்தப் பக்கம் வந்த வெற்றிவேல் காலை ஊன்றி நின்று பார்த்தார். "அண்ணே, பட்டப்பகல்ல ஆட்டுக்கறி சுடறீங்கனு பாத்தேன்."

"பிளாஸ்டிக்குப்பா."

"அது தெரியாம நீங்க எந்த கம்பெனில வேல பாக்கறீங்க?" என்று சிரித்தவர், கன்னியப்பன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அண்ணிக்கு எப்டிக்கீது?"

"நாளைக்கு நான் அடிச்சாத்தான் அது ஆஸ்பத்திரிக்கு வரும். இல்லனா வராது. வலிய மறைக்குது. நான் பாக்கலனு நெனச்சிக்கினு மறைக்குது."

வெற்றிவேல் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினார். குனிந்து டிரம்மின் அடிப்பக்கத்தைத் தட்டினார். "இந்தப் பக்கம் ஒண்ணு நல்லாத்தானே இருக்கு? அதக் கழட்டி மேல போடுங்க. அடியில தெறந்து கெடந்தா கெடந்துட்டுப் போவுது." சொல்லிவிட்டுப் பெடலை மிதித்துப் போய்விட்டார்.

கன்னியப்பன் கூடத்தில் உட்கார்ந்து எல்லாப் போல்ட்டையும் கழற்றினார். அடித்தோலை மேலே பொருத்தினார். முதல் போல்ட்டைப் பக்கிரி மாதிரியே இறுக்கப் போனவர், கையை நிறுத்தினார். கம்பெனியில் வாளி அச்சு பூட்டும்போது இப்படியா செய்வார்? ஒரு பக்கம் முழுக்க இறுக்கினால் அச்சு வாய் பிளந்து, வாளி விளிம்பில் பிசிறு அடிக்காதா? முதலில் எல்லாப் போல்ட்டையும் கை விரலால் மட்டும் ஓட்ட வேண்டும். அப்புறம் ஒன்றை அரைச் சுற்று, அதற்கு நேர் எதிரே இருப்பதை அரைச் சுற்று. இதுதான் அவர் தினமும் செய்கிற வேலை. ஆனால் அது சேதராப்பட்டில் செய்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் அறிவையும் செருப்போடு வாசலில் விட்டுவிடுகிற பழக்கம் ஆம்பிளைகளுக்கு எப்போதும் உண்டு.

எதிரும் புதிருமாக முடுக்கிக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டுக்குப் பக்கத்திலும் விரலால் தட்டிக் கேட்டார். சொத்துப் பிரிக்க உட்கார்ந்த அண்ணன் தம்பிகள் மாதிரி ஆறும் ஆறு குரலில் பேசின. உச்சியில் கத்தினதைக் கொஞ்சம் தளர்த்தினார். முனகினதைக் கொஞ்சம் ஏற்றினார். உள்ளங்கையால் நடுவில் அமுக்கித் தோலைப் படியவைத்தார். மறுபடி தட்டினார். சமையல் மேடையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த வசந்தா டிவியைச் சின்னதாக வைத்தாள்.

"அந்தக் கடைசிது இன்னும் அழுவுது" என்றாள்.

கால் சுற்று ஏற்றினார்.

"இப்ப அழுவல."

எல்லா ஓரமும் ஒரே குரலில் பேசிய பிறகு நடுவில் ஒரு அடி வைத்தார். "டும்." நல்ல சத்தம். கணீரென்று பெரிய சத்தமில்லை. ஆனால் ஒரே ஒரு சத்தம்.

மறுநாள் செடல். தெரு முழுக்க வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், முதுகில் கொக்கி மாட்டி வண்டி இழுக்கிற பிள்ளைகள். கன்னியப்பன் மஞ்சள் வேட்டி கட்டி, துண்டை முறுக்கிச் சின்ன டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்மன் தேருக்கு முன்னால் வந்து நின்றார். மேலே பிரெஞ்சு, கீழே ஓட்டை, நடுவில் குங்குமம்.

"மாமா, சுண்டல் விக்க வந்தவர் மாதிரிக்கீறீங்க" என்றான் பக்கிரி. வசந்தா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவள் கையில் கற்பூரத் தட்டு. முகம் வற்றிப் போயிருந்தது, ஆனால் தலைநிறையப் பூ வைத்திருந்தாள்.

பம்பை ஆரம்பித்தது. கன்னியப்பனும் ஆரம்பித்தார். பத்தடி போவதற்குள் பம்பை ஒரு ஊருக்கும் டிரம் வேறொரு ஊருக்கும் போய்க்கொண்டிருந்தன. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தா குனிந்துகொண்டாள்.

வெற்றிவேல் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "அண்ணே, நீங்க எல்லாத்தையும் அடிக்காதீங்க. நான் அடிச்சி ஒரு எடத்துல நிறுத்துவேன். அந்த எடம் ஒங்களுது. ஒண்ணே ஒண்ணு போடுங்க. மத்த நேரம் கைய சும்மா வையுங்க."

"ஒண்ணு போட்டா வேண்டுதலு சேருமா?"

"அம்மன் என்னா எண்ணிக்கினா இருக்கா?"

பம்பை ஓடி வந்து நின்றது. கன்னியப்பன் "டும்" என்றார். மறுபடி ஓடி வந்து நின்றது. "டும்." முச்சந்தி தாண்டும்போது அவருக்கே அந்த இடம் பிடிபட்டுவிட்டது. பிள்ளைகள் அந்த "டும்"முக்குத் தலையை ஆட்டினார்கள். வசந்தா குனிந்த தலையை நிமிர்த்தினாள். அழுதாள், சிரித்தாள், இரண்டுக்கும் நடுவில் மூக்கை உறிஞ்சினாள்.

அவர்கள் வீட்டு வாசலில் தேர் நின்றது. பூசாரி தீபம் காட்டி இருவர் நெற்றியிலும் குங்குமம் வைத்தார். பம்பை மறுபடி சின்னதாகத் தொடங்கியது.

வசந்தா கன்னியப்பன் காதோரம் வந்தாள். "முடிஞ்சிது. நாளான்னிக்கு லீவு சொல்லிடு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

இதற்காகத்தானே இவ்வளவும். வைக்கோல் கொளுத்தினது, ஆட்டைப் பொசுக்கினது, கழுத்தில் டிரம்மை மாட்டிக்கொண்டு தெரு சிரிக்க நின்றது எல்லாம் இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான். கேட்டாகிவிட்டது. மேளம் அடிக்கத் தெரியாதது ஒரு பெரிய கஷ்டமே இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. டாக்டர் என்ன சொல்வார்? அதற்கு எதிர்ப் போல்ட் எங்கே இருக்கிறது?

கை தன் போக்கில் இறங்கியது. பம்பை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், நடுவில் போய், "டும்."

"அண்ணே, அது என் எடம்" என்றார் வெற்றிவேல்.

"நானும் கூட வருவேன்" என்றார் கன்னியப்பன், வசந்தாவைப் பார்த்து. "உள்ள வரைக்கும் வருவேன். வெளிய உக்காருனு சொன்னாலும் வருவேன்."

"வாயேன். யாரு வேணாம்னா?" என்றாள் அவள். டிரம்மைத் தாங்கிய துண்டின் முடிச்சு அவர் தோளில் அவிழ்ந்துகொண்டிருந்தது. கற்பூரத் தட்டைப் பக்கிரியிடம் கொடுத்துவிட்டு, பின்னாலிருந்து அந்த முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அடிய்யா. தேரு நவுருது."